வாய் திறக்காத வலி

(கெங்கவல்லியில் வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாரியம்மன் நோம்பி பார்க்காதவர் யாரும் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும் அலகு, முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பவர்கள், கங்கு மேல் நடந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் என எல்லாம் நமக்குப் பழகிய காட்சிகள். கூட நிற்கிற சின்னப் பிள்ளை மட்டும் கேட்கும்: "வலிக்காதாப்பா?" நாம் "அம்மன் பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அந்தப் பிள்ளை கேட்பது நல்ல கேள்வி. அலகு குத்தியவருக்கு வலிக்கிறதா? வலித்தால் எவ்வளவு? அவர் வாயைக் கேட்காமல், அவர் மூளையைப் பார்த்தே அதைச் சொல்லிவிட முடியுமா? மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் பாடம் நடத்தியே காலம் கழித்தவன் நான். உலகத்தில் பல ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. அவற்றைப் படித்துப் படித்து நான் வந்து சேர்ந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச முடியாதவருக்காக மூளையை அளப்பது பெரிய புண்ணியம். பேசுகிறவரை நம்பாமல் இருப்பதற்காக மூளையை அளப்பது அநியாயம்.

மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அலகு குத்தியவரை விடவே மாட்டார்கள். சேலத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும்: தாலிச் சங்கிலி, கொலுசு, மோதிரம், அரைஞாண் கயிற்றில் இருக்கிற சின்ன வெள்ளித் தாயத்து வரை கழற்றி வாங்கிக்கொள்வார்கள். உள்ளே இருப்பது அவ்வளவு வலுவான காந்தம். போதாக்குறைக்கு, தலையை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். பம்பையும் உடுக்கையும் முழங்க, அருள் வந்து ஆடுகிறவரின் மூளையை அந்தக் குழாய்க்குள் படம் பிடிக்க வழியே இல்லை.

ஆனால் காவடி எடுக்கும் தமிழர்களை வேறு வகையில் அளந்திருக்கிறார்கள். மொரீசியஸ் தீவில் தைப்பூசக் காவடி பெரிய விழா. அங்குள்ள தமிழர்கள், நம்மூரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் வம்சம். டிமிட்ரிஸ் ஜிகலாடாஸ் என்கிற மானிடவியலாளர் தன் குழுவோடு அங்கே தங்கி ஆய்வு செய்தார். 2013இல் வந்த அவருடைய கட்டுரை சொல்வது இது: வெறும் கூட்டு வழிபாட்டில் உட்கார்ந்திருந்தவர்களைவிடக் காவடி ஊர்வலத்தில் வந்தவர்கள் கோயிலுக்கு அதிகமாக நன்கொடை கொடுத்தார்கள். வலி கூடுதல் என்று சொன்னவர்கள் கொடுத்ததும் கூடுதல். 2019இல் இன்னொரு கட்டுரை. காவடி எடுத்தவர்களின் உடம்பில் சிறு கருவிகளைக் கட்டிப் பல வாரம் கவனித்தார்கள். அதிகமாக அலகு குத்திக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தால், நாள்பட்ட நோயில் கிடந்தவர்களும் வசதி குறைந்தவர்களும். உடம்புக்கு நிலைத்த கெடுதல் எதுவும் தெரியவில்லை. அலகு கூடக்கூட மனசு தேறியதாகத்தான் அவர்கள் சொன்னார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை கருவி இருந்தும், "உங்களுக்கு எவ்வளவு வலித்தது?" என்பதை அவர்களைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார்கள்.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வரப்பில் நடக்கும்போது கல்லில் கால் கட்டைவிரல் இடிக்கிறது. முதலில் சுரீர் என்று ஒரு வலி. ஒரு கணம் கழித்து, ஆழத்திலிருந்து விண்விண் என்று இன்னொன்று. இரண்டும் வேறு வேறு நரம்பில் வருகின்றன. முதலாவது, மெல்லிய உறை போர்த்திய நரம்பு இழை. அது நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சேதி கொண்டுபோகும். இரண்டாவது உறையில்லாத இழை, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். கால் நுனியிலிருந்து தலைக்கு வந்து சேர அதற்கு ஒரு நொடிக்கு மேலாகிறது. காய்ச்சிய சட்டியைத் தொட்ட கையும் மிளகாய் அரைத்த கையும் ஒரே மாதிரி எரிவதற்கும் காரணம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற ஒரு சிறு வாசல் நரம்பு நுனியில் உண்டு. மிளகாயின் காரச் சத்தும் அதே வாசலைத்தான் திறக்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997இல் இதைக் கண்டுபிடித்தார். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை நடப்பது சேதி வருவது மட்டும். சேதி தண்டுவடம் ஏறி, மூளையின் நடுவே இருக்கிற தாலமசுக்குப் போய், அங்கிருந்து மூளையின் பல இடங்களுக்குப் பிரிகிறது. 'எங்கே, எவ்வளவு' என்று பார்க்கிற தொடு உணர்வுப் புறணி, உடம்பின் உள்நிலையைக் கவனிக்கிற இன்சுலா, 'ஐயோ' என்கிற வேதனையோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் என்று பல இடங்கள். வலிக்கென்று தனியாக ஓர் இடம் மூளையில் கிடையாது. மேலே இருந்து கீழே தண்டுவடத்துக்கு 'அடக்கு' என்று உத்தரவும் போகும். அதனால்தான் ஒரே காயம் ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் வலிக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவருக்கு இல்லாத கையில் வலி வருவதை ஆராய்ந்தார். பெட்டியில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இழந்த கை இருந்த இடத்தில் தெரியச் செய்தார். சிலருக்கு அந்த வலி குறைந்தது. கையே இல்லாதபோது வலி எங்கே இருந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வலியை எண்ணால் அளந்துவிட வேண்டும் என்ற வேகம் பழையது. 1940களில் நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹார்டி, ஹெரால்ட் உல்ஃப், ஹெலன் குடெல் என்று மூன்று பேர் ஒரு கருவி செய்தார்கள். நெற்றியில் கரி பூசி, பெரிய விளக்கின் வெளிச்சத்தை வில்லை வழியாகக் குவித்து, மூன்று நொடி அந்த இடத்தில் அடிப்பார்கள். எந்தச் சூட்டில் வெதுவெதுப்பு வலியாக மாறுகிறது என்று பார்ப்பார்கள். அந்த அளவுக்கு 'டால்' என்று ஓர் அலகே வைத்தார்கள். பிறகு ஹார்டி ஒரு மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து, பிரசவ வலியில் இருந்த பெண்களிடம் இதைக் கொண்டுபோனார். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கையில் சூடு வைத்து, "இதுவும் அதுவும் சமமா?" என்று கேட்டார்கள். படிக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வலியில் துடிக்கிற பெண்ணின் சொல் போதாது, ஓர் எண்ணும் வேண்டும் என்று மருத்துவம் நினைத்த காலம் அது. அந்த நினைப்பு முழுசாகப் போய்விட்டதாக நான் நம்பவில்லை.

அந்தக் காலத்திலேயே இன்னொரு மருத்துவர் வேறு பாடம் படித்தார். ஹென்றி பீச்சர் இரண்டாம் உலகப் போரில் படையோடு இருந்தவர். கடுமையாக அடிபட்டு வந்த சிப்பாய்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். உயிரோடு போர்க்களத்தை விட்டு வந்ததே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. காயத்தின் அளவை வைத்து வலியின் அளவைச் சொல்ல முடியாது என்று அவர் 1946இல் எழுதினார்.

இன்றைய முறைகளுக்கு வருவோம். ஒன்று, தலையில் மின்முனைகள் பதித்த தொப்பி மாட்டி மூளையின் மின்னலையைப் பதிவது. புறங்கையில் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை ஒரு கணம் அடிப்பார்கள். ஊசி குத்தியதுபோல் இருக்கும். அரை நொடி போவதற்குள் உச்சந்தலையில் ஓர் அலை எழுந்து அடங்கும். ஒரு தடவை அடித்தால் அது மற்ற அலைகளில் கலந்து போய்விடும். பல தடவை அடித்துச் சராசரி எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். இன்னொன்று எம்.ஆர்.ஐ. வேலை செய்கிற மூளைப் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். செய்ஜி ஒகாவா 1990இல் காட்டிய வழியில் அந்த மாற்றத்தைப் படமாக்குகிறார்கள். அது சில நொடி தாமதமாக வருகிற படம், ஆனால் இடத்தைத் துல்லியமாகக் காட்டும்.

2013இல் டோர் வேகர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 114 பேரிடம் செய்த நான்கு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முன்கையில் சிறு தகடு வைத்து, சில தடவை இதமான சூடு, சில தடவை வலிக்கிற சூடு. மூளைப் படத்திலிருந்து கணினி ஒரு முத்திரையைக் கற்றுக்கொண்டது. வலித்த சூட்டையும் வலிக்காத சூட்டையும் அது 100க்கு 94 அல்லது அதற்கும் மேல் சரியாகப் பிரித்தது. வலி மருந்து கொடுத்தால் முத்திரையும் மங்கியது. பத்திரிகைகள் 'வலியைக் காட்டும் ஸ்கேன் வந்துவிட்டது' என்று எழுதின.

மகிழ்ச்சிதான். ஆனால் 2016இல் வந்த ஒரு சிறு ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிறவியிலேயே வலி தெரியாத சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். வலி நரம்பில் சேதி கிளம்பத் தேவையான ஒரு மரபணு அவர்களுக்கு வேலை செய்யாது. எலும்பு முறிந்தாலும் தெரியாது, நாக்கைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. அப்படி இரண்டு பேரை எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைத்து, மற்றவர்களுக்கு வலிக்கும் அளவுக்கு முள்போன்ற ஒன்றால் அழுத்தினார்கள். 'வலி வலைப்பின்னல்' என்று நாம் பெயர் வைத்திருந்த பகுதிகள் அவர்கள் மூளையிலும் மற்றவர்களைப் போலவே ஒளிர்ந்தன. வலியே அறியாதவரின் மூளையிலும் அந்தப் படம் வருகிறது! 'இதைக் கவனி' என்ற மூளையின் எச்சரிக்கையைத்தான் அந்தப் படத்தில் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்ற சந்தேகம் எழுந்தது. வேகரின் முத்திரை இதைவிட நுணுக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் படத்தில் பிரகாசம் தெரிந்ததும் 'இதோ வலி' என்று கை காட்டிவிடக் கூடாது.

அலகு விஷயத்துக்கு மிக நெருங்கி வந்த ஆய்வு ஆக்ஸ்போர்டில் நடந்தது. கட்யா வீக்கும் சகாக்களும் 2008இல் வெளியிட்டது. 12 கத்தோலிக்கர், கடவுள் நம்பிக்கை இல்லாத 12 பேர். கையில் மின் அதிர்ச்சி கொடுக்கும்போது கன்னி மரியாளின் ஓவியத்தைக் காட்டினார்கள். வேறு தடவை லியனார்டோ வரைந்த சாதாரணப் பெண் ஓவியம். மாதாவைப் பார்த்தபோது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் வலி குறைந்தது. வலியை வேறு அர்த்தத்தில் பார்க்க உதவுகிற முன்மூளைப் பகுதி ஒன்று அப்போது கூடுதலாக வேலை செய்தது. நம்பிக்கை வலியை உண்மையாகவே குறைக்கிறது, அது மூளையில் தடம் பதிக்கிறது. "அம்மன் பாத்துக்குவா" என்று சொல்கிற பாட்டி பொய் சொல்லவில்லை.

இப்போது, இந்த அளவீடுகள் எங்கே தவிர்க்க முடியாத தேவையாகின்றன என்பதற்கு வருகிறேன். இந்த உரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான்.

1980கள் வரைக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கு வலி தெரியாது என்று படித்த டாக்டர்கள் நம்பினார்கள். நரம்பு இன்னும் முதிரவில்லை, அழுவதெல்லாம் அனிச்சைச் செயல் என்பது வாதம். மயக்க மருந்து அந்தச் சின்ன உடம்புக்கு ஆபத்து என்ற பயமும் இருந்தது. விளைவு, குறைமாதக் குழந்தைக்கு இதய அறுவை செய்யும்போது அசையாமல் இருக்கத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தும், கூடக் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற லேசான மயக்க வாயுவும் கொடுத்துவிட்டு நெஞ்சைத் திறந்தார்கள். 1985இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு அசையவிடாத மருந்து மட்டும் கொடுத்து அறுவை நடந்தது. குழந்தை சில வாரங்களில் இறந்தது. உண்மை தெரிந்த தாய் ஊரெல்லாம் எழுதிப் போராடினார். அதன் பிறகுதான் பொதுமக்களுக்கே இது தெரிய வந்தது.

இந்த நம்பிக்கையை அறிவியலால் உடைத்தவர் நம் நாட்டவர். கன்வல்ஜீத் ஆனந்த் இந்தூரில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனவர். அறுவை முடிந்து வரும் குறைமாதக் குழந்தைகள் வெளிறி, துவண்டு, இதயம் தடுமாறிக் கிடப்பதைப் பார்த்தார். மூளையில் வலியை அளக்க அன்று வழியில்லை. ரத்தத்தில் அட்ரினலின் போன்ற அழுத்த ஹார்மோன்களை அளந்தார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வழக்கமான முறை, இன்னொரு பகுதிக்குக் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலி மருந்து. மருந்து கொடுத்த குழந்தைகளின் ரத்தத்தில் அந்த ஹார்மோன் வெள்ளம் அடங்கியிருந்தது, சிக்கல்களும் குறைந்தன. 1987இல் 'லான்செட்' இதழில் இது வந்தது. அதே ஆண்டு அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, சிசுவின் வலி பற்றி அன்றுவரை தெரிந்ததையெல்லாம் ஓரிடத்தில் வைத்தது. உலகமெங்கும் அறுவை அரங்கங்களின் வழக்கம் மாறியது. இன்று நம் மருத்துவமனைகளில் அறுவைக்குப் போகிற எந்தக் கைக்குழந்தைக்கும் அந்த மனிதரின் உழைப்பில் பங்கு உண்டு.

அவர் விட்ட இடத்திலிருந்து ஆக்ஸ்போர்டில் ரெபெக்கா ஸ்லேட்டரின் குழு தொடர்ந்தது. பிறந்து ஒரு நாள் முதல் ஆறு நாள் வரையான பத்துக் குழந்தைகள். பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை மூடி, தூங்கவைத்து எம்.ஆர்.ஐ.யில் கிடத்தினார்கள். உள்ளங்காலில் உள்ளிழுக்கிற முனை கொண்ட சிறு கம்பியால் லேசாக ஒரு குத்து. பென்சில் முனை பட்டதுபோல. குழந்தைகள் எழுந்திருக்கக்கூட இல்லை. பெரியவர்களின் மூளையில் ஒளிர்ந்த 20 பகுதிகளில் 18, அந்தக் குழந்தைகளிடமும் ஒளிர்ந்தன. இன்னொன்று: பெரியவருக்கு நான்கு மடங்கு விசையில் குத்தினால் மூளையில் வருகிற மாற்றம், குழந்தைக்கு அந்த ஒரு மடங்கு விசையிலேயே வந்துவிட்டது. 2015இல் வெளியான ஆய்வு இது.

அதே குழு 2018இல் செய்ததைத் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். ரத்தம் எடுக்கக் குதிகாலில் ஊசி குத்துவதற்கு முன், குழந்தையின் காலை மென்மையான தூரிகையால் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் வருடினார்கள். மூளையில் எழும் வலி அலை சிறுத்தது. வேகமாக வருடினால் அந்தப் பலன் இல்லை. பெற்றவள் தன்னையறியாமல் பிள்ளையை வருடும் வேகமும் ஏறக்குறைய அதேதான். உலக சுகாதார நிறுவனமும் 2015இல், தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலி குறையும் என்று பரிந்துரைத்தது. புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஒன்றரை மாதப் பிள்ளையின் இரண்டு தொடையிலும் ஊசி போடும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இங்கே இருக்கிறீர்கள். தாய் பால் கொடுக்கத் தோதாக ஒரு மூலையும் ஒரு நாற்காலியும் ஒதுக்குங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

இனி நான் பயப்படுகிற இடம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு லாரி ஓட்டுநருக்கு 2005இல் கொதிக்கும் தார் கொட்டி மணிக்கட்டு வெந்தது. பல வருஷம் கழித்தும் வலி தீரவில்லை என்று வழக்குப் போட்டார். அவர் தரப்பு மூளைப் படத்தைச் சாட்சியாகக் கொண்டுவந்தது. கடைசியில் 8 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிற நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கில் 'வலியும் வேதனையும்' என்று ஓர் இனம் உண்டு. பணத்தால் கணக்கிட முடியாத இழப்புகளில் அதையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 1995இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. நாளைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் ஒரு ஸ்கேனை எடுத்துக்காட்டி, "இவர் மூளையில் வலி தெரியவில்லை" என்று வாதாடினால்? இதை முன்கூட்டியே யோசித்த சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் ஒரு குழு அமைத்தது. டோர் வேகரே அதில் ஓர் உறுப்பினர். 2017இல் அவர்கள் தெளிவாக எழுதினார்கள்: ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று கண்டுபிடிக்கிற கருவியாக மூளைப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது. முத்திரையைக் கண்டுபிடித்தவரே அதில் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதை வக்கீல்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள்பட்ட வலியில் இந்தப் பயம் இன்னும் கூடும். குச்சிக்கிழங்குக் காட்டில் குனிந்து குனிந்து இடுப்பு போன பெண்கள், தம்மம்பட்டியில் உளி பிடித்தே தோள் இறுகிப்போன மரச் சிற்பிகள், இவர்களின் வலி, ஆய்வுக்கூடத்தில் கொடுக்கிற சூட்டு வலி மாதிரி இல்லை. 2013இல் வானியா அப்காரியனின் குழு முதுகுவலிக்காரர்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தது. வலி புதிதாக இருக்கையில் அது வழக்கமான வலிப் பகுதிகளில் தெரிந்தது. நாளாக ஆக, உணர்ச்சியைக் கையாளும் பகுதிகளுக்கு இடம் பெயர்ந்துவிட்டது. 'வலி ஸ்கேன்' என்று பழைய இடத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 2023இல் பிரசாத் ஷிர்வால்கர் கலிபோர்னியாவில் இன்னும் ஆழமாகப் போனார். தீராத வலியுள்ள நான்கு பேரின் மூளைக்குள் மின்முனை பதித்து, அவர்கள் வீட்டில் இருக்கும்போதே மாதக்கணக்கில் பதிவு செய்தார். கண்ணுக்கு மேலே இருக்கிற முன்மூளைப் பகுதியின் மின்னலையிலிருந்து அன்றைய வலியைக் கணிக்க முடிந்தது. ஆனால் கணிக்கக் கணினிக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள்? நாளுக்குப் பல தடவை அந்த நான்கு பேரும், 'இப்போது என் வலி இவ்வளவு' என்று தாங்களே பதிவு செய்ததைத்தான்.

பேசுகிறவர்களிடம் செய்த எல்லா ஆய்வின் அடியிலும் ஒரு மனிதரின் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை வாங்கித்தான் எந்திரமே பாடம் கற்கிறது. அப்படிக் கற்ற எந்திரத்தைக் கொண்டே அந்தச் சொல்லைப் பொய்யென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, சும்மா சொல்றே" என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டுக் கேட்டு வாயை மூடிக்கொண்ட பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். சர்வதேசச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும், சொல்ல முடியாததாலேயே வலி இல்லை என்றாகாது என்றும் சேர்த்து எழுதியது.

சொல்ல முடியாதவர்கள் பச்சைக் குழந்தைகள் மட்டுமல்ல. மறதி நோயில் பேச்சிழந்த பெரியவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை, கூர்ந்து பார்க்கிற கண் போதும். மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுகிற எளிய முறை 2003இலிருந்தே இருக்கிறது. குளிப்பாட்டும்போது, புரட்டிப் படுக்கவைக்கும்போது முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சை தரும் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. அவர்கள் வரும்போது பெரியவர் பக்கத்தில் நீங்களும் நின்று, ராத்திரி எப்படிக் கிடந்தார், எந்தப் பக்கம் படுத்தால் முனகுகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. புற்றுநோய் முற்றிய வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல வருஷம் நோயாளிகளுக்கு அது எட்டாமல் போனது. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். முறையாகக் கொடுத்தாலும் அடிமையாகிவிடுவார் என்று பயந்து, துடிக்கிறவரை அப்படியே வைத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே இல்லை என்றால் எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள்.